மூச்சைக் கட்டும் விரியன்

காஞ்சிபுரத்துக்கு வர்றவங்க பெரும்பாலும் காமாட்சியைப் பார்த்துட்டு, வரதரைப் பார்த்துட்டு, ஒரு பட்டுப்புடவையும் வாங்கிட்டுக் கிளம்பிடறாங்க. காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்திலேயே உலகளந்த பெருமாள் கோயில் இருக்கு. நெடுநெடுவென்று நிற்கும் திருவிக்கிரமனைச் சேவித்துவிட்டு வந்தால், அதே கோயிலுக்குள் தனிச் சந்நிதியில் ஐந்து தலை நாகமாக ஒரு பெருமாள். உரகத்தான் என்று பெயர். உரகம் என்றால் பாம்பு. இது போக அரசமரத்தடி நாகர் சிலைகளுக்கு மஞ்சள் பூசி, பால் ஊற்றுகிற வழக்கமும் ஊர் முழுக்க உண்டு. ஆக, பாம்பைக் கும்பிடுவதில் நமக்குக் குறைச்சலே இல்லை.

ஆனா கும்பிடுகிற நம்மில் எத்தனை பேருக்கு பாம்பு எப்படி உயிரை எடுக்கிறது என்று தெரியும்? கேட்டுப் பாருங்க. "விஷம் ரத்தத்துல ஏறி, தலைக்குப் போயிடும்"னு சொல்லுவாங்க. இல்லாட்டி "இதயம் நின்னு போயிடும்"பாங்க. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷயத்தில் ரத்தம் என்று சொல்வது ஓரளவு சரி. அவை ரத்தம் உறைவதைக் கெடுக்கும். ஆனால் நல்ல பாம்பும் கட்டு விரியனும் கொல்லும் வழி வேறு. இதயத்தை அவை பெரும்பாலும் நேரடியாகத் தொடுவதில்லை. மூளையும் விழித்தேதான் இருக்கும். மூச்சு இழுக்கிற தசைகளை மட்டும் அசையவிடாமல் செய்துவிடும். அவ்வளவுதான், கதை முடிந்தது.

முடிந்ததா? அதுதான் இந்தப் பதிவின் விஷயமே. அந்தத் தசைகள் நின்ற பிறகும் ஆள் சாகவில்லை என்று மனுஷன் கண்டுபிடிக்க எவ்வளவு காலமாச்சு, அந்தச் செய்தி நம்ம தெருவரைக்கும் வந்து சேர்ந்ததா என்பதுதான் நான் சொல்லவந்த வரலாறு.

முதலில் மூச்சு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துடுவோம். நுரையீரலுக்கு சொந்தமாகச் சுருங்கி விரியும் தசை கிடையாது. அது ஒரு பஞ்சு மாதிரி. வெளியிலிருந்து யாராவது இழுத்துத்தான் விரிக்கணும். அந்த வேலையில் பெரும்பங்கு ஒரே ஒரு தசையுடையது: உதரவிதானம். பெயர் வைத்தவர் ரசிகர். உதரம் வயிறு, விதானம் மேற்கட்டி. சுவாமிக்கு மேலே கட்டுகிற விதானம் போல, வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே கட்டிய ஒரு தசைத் துணி. சும்மா இருக்கும்போது கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேலே குவிந்திருக்கும். சுருங்கும்போது கீழே இறங்கும். சாதாரண மூச்சில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இறக்கம். அதே நேரத்தில் விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகள் எலும்புகளை வாளிக் கைப்பிடியைத் தூக்குவது மாதிரி மேலே, வெளியே தூக்கும். நெஞ்சுக்குள் இடம் பெரிதாகும், உள்ளே அழுத்தம் குறையும், காற்று தானாக உள்ளே பாயும். கொல்லன் பட்டறைத் துருத்தியை விரித்தால் காற்று உள்ளே போகிறதே, அதேதான்.

வெளியே விடுவதற்கு? அமைதியாக இருக்கும்போது எந்தத் தசையும் வேலை செய்யவேண்டியதில்லை. இழுத்த ரப்பரை விட்டால் சுருங்குவது போல நுரையீரல் தானே சுருங்கும். இருமும்போது, நாதஸ்வரம் ஊதும்போது, கோயில் வாசலில் கத்தி ஆட்டோ கூப்பிடும்போதுதான் வயிற்றுத் தசைகள் இறுகி உதரவிதானத்தை மேலே தள்ளும். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போது கழுத்துத் தசைகளும் கைகொடுக்கும்.

ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 12 முதல் 16 தடவை. நம்ம யோகக் கணக்கில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று சொல்வார்கள். வகுத்துப் பாருங்க, நிமிஷத்துக்குச் சரியாக 15 வருது. கணக்குப் போட்டவர் உட்கார்ந்து எண்ணித்தான் இருக்கவேண்டும்!

இந்தத் தசைகளை ஆட்டுவிக்கும் கயிறு எங்கே இருக்கிறது என்று தேடியவர் காலென். கி.பி. 2-ஆம் நூற்றாண்டு, இன்றைய துருக்கியில் இருக்கும் பெர்கமான் நகரத்துக்காரர். கத்திச்சண்டை வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், பிறகு ரோமுக்குப் போனார். விலங்குகளின் தண்டுவடத்தை வேறு வேறு இடங்களில் வெட்டிப் பார்த்தார். கழுத்தின் உச்சியில் வெட்டினால் மூச்சு உடனே நின்றது. கழுத்தின் அடியில் வெட்டினால் நெஞ்சின் விலாக்கள் அசைவது நின்றுவிட்டாலும், உதரவிதானம் மட்டும் வேலையைத் தொடர்ந்தது. ஏன் என்றால் அதற்கான நரம்பு நெஞ்சிலிருந்து வரவில்லை. கழுத்தின் 3, 4, 5-ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து கிளம்பி, இவ்வளவு தூரம் இறங்கி வருகிறது. கொடூரமான சோதனைதான். ஆனாலும், கயிறு அறுந்தால் பொம்மை நின்றுவிடும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கயிறும் அறுபடாமல், பொம்மையும் உடையாமல், ஆட்டம் மட்டும் நின்றுபோகுமா? அதைக் காட்டியது தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தடவும் குராரே என்ற நஞ்சு. 1814-ல் லண்டனில் சார்லஸ் வாட்டர்டன் என்பவர் முன்னிலையில் ஒரு பெண் கழுதைக்கு இந்த நஞ்சைக் கொடுத்தார்கள். மூச்சு நின்று விழுந்தது. உடனே குரல்வளையில் துளை போட்டு, துருத்தி வைத்து, மணிக்கணக்கில் காற்று ஊதினார்கள். நஞ்சின் வீரியம் இறங்கியதும் கழுதை எழுந்து நின்றது! அதற்கு அப்புறமும் பல வருஷம் நன்றாக வாழ்ந்து 1839-ல்தான் செத்தது. செத்ததாகத் தெரிந்த ஒரு உயிர் ஒரு துருத்தியால் 25 வருஷம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறது. பின்னால் 1850-களில் பிரான்சின் கிளாட் பெர்னார், குராரே நரம்பையும் கொல்வதில்லை, தசையையும் கொல்வதில்லை, இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் தகராறு செய்கிறது என்று காட்டினார்.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். கல்கத்தாவில் வேலை பார்த்த ஜோசப் ஃபேரர் என்ற ராணுவ மருத்துவர் 1872-ல் இந்திய விஷப்பாம்புகள் பற்றி பெரிய வண்ணப்படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிறகு லாடர் பிரண்டன் என்பவரோடு சேர்ந்து நல்ல பாம்பு விஷத்தைச் சோதித்தார். 1873 முதல் வெளியான அவர்கள் கட்டுரைகளின் முடிவு: பாம்பு விஷம் கொல்வது மூச்சுத் தசைகளை முடக்கி, குராரே மாதிரியே. செயற்கையாகக் காற்று ஊதிக்கொண்டே இருந்தால் விலங்கின் இதயம் மணிக்கணக்கில் துடித்துக்கொண்டே இருந்தது.

அதாவது சுமார் 150 வருஷத்துக்கு முன்னாடியே விஷயம் அச்சில் ஏறிவிட்டது. மூச்சு நின்றவன் இன்னும் செத்தவன் இல்லை.

இதில் காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு மட்டும் புரியக்கூடிய ஒரு பெயர் விசேஷம் இருக்கு. நம்ம ஊரிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் பாதுகாப்புக்காகக் கொண்டுபோகப்பட்டு இப்போது தஞ்சாவூரில் இருக்கும் அம்மன் பெயர் பங்காரு காமாட்சி. பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக விசாகப்பட்டினத்தில் இருந்த பேட்ரிக் ரஸ்ஸல், 1796-ல் சோழமண்டலக் கரையோரப் பாம்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். (கண்ணாடி விரியனுக்கு அறிவியலில் இவர் பெயர்தான்.) அதில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு விரியனுக்கு உள்ளூர்க்காரர்கள் சொன்ன 'பங்காரு பாமு' என்ற பெயரையே குறித்துவைத்தார். 1803-ல் அந்த இனம் முழுவதற்கும் 'பங்காரஸ்' என்று பெயர் வைத்தார்கள். நம்ம கட்டு விரியனும் அதே குடும்பம்தான்.

அந்தத் தங்கம் உலகம் முழுக்கச் சுற்றியது. 1963-ல் தைவானில் சாங், லீ என்ற இருவர் அங்குள்ள கட்டு விரியன் விஷத்தைப் பிரித்து 'பங்காரோடாக்சின்' என்ற நச்சுகளைக் கண்டார்கள். அதில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை முக்கியம். எப்படி வேலை செய்கின்றன என்று சொல்கிறேன். நரம்பு தசையை நேராகத் தொடுவதில்லை, நடுவில் மயிரிழையை விட மிகச் சிறிய இடைவெளி. மூளையிலிருந்து 'இழு' என்று உத்தரவு வந்ததும் நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற பொருளை அந்த இடைவெளியில் கொட்டும். எதிர்க்கரையில் தசையின் மேல் அதற்கென்றே பூட்டுகள் உண்டு. சாவி பூட்டில் விழுந்தால் தசை சுருங்கும். ஆல்ஃபா வகை பூட்டின் துளையை அடைத்துவிடும். நல்ல பாம்பின் விஷமும் இதே வேலைதான் செய்கிறது. பீட்டா வகை இன்னும் மோசம். அது சாவி செய்கிற பட்டறையையே, அதாவது நரம்பு நுனியையே அழிக்கும். பூட்டைப் பிடித்துக்கொள்ளும் ஆல்ஃபாவின் குணத்தைப் பயன்படுத்தியே 1970-களில் விஞ்ஞானிகள் அந்தப் பூட்டு எது என்று தனியே பிரித்து எடுத்தார்கள். தசைச்சோர்வு நோய் ஒன்றின் காரணமும் அதனால்தான் தெளிவாச்சு. கொல்ல வந்த விஷம் பாடம் சொல்லிக்கொடுத்த கதை.

கட்டு விரியன் விஷயத்துக்கு வருகிறேன். இது ராத்திரிப் பாம்பு. பகலில் சாது. ராத்திரி எலி, பல்லி, வேறு பாம்பு என்று தேடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயும் வரும். நெசவாளர் வீட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. பழைய வீடுகளில் தரையில் குழி வெட்டித் தறி போட்டிருப்பார்கள். மூலையில் நூல், சிட்டம், பழைய துணி. இருக்கிற இடத்தைத் தறி பிடித்துக்கொண்டால் மனுஷனுக்குத் தரையில் பாய்தான். புரண்டு படுக்கிற கைக்கு அடியில் பாம்பு மாட்டினால் கடிக்கும். கடித்தது தெரியவே தெரியாது. வலி இல்லை, வீக்கம் இல்லை, பல் பட்ட இடம்கூட சரியாகத் தெரியாது. கொசுக்கடி என்று சொறிந்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி. பிறகு கண் இமை தானாக மூடும். என் பாட்டி சொல்லுவார், அவர் சின்ன வயதில் பிள்ளையார்பாளையத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் காலையில் எழுந்து "கண்ணைத் திறக்க முடியலையே"ன்னு சொன்னாராம். ராத்திரி தறி ஓட்டின அசதி என்று நினைத்தார்களாம். அப்புறம் பேச்சு குழறியது, எச்சில் விழுங்க முடியவில்லை. மந்திரிக்கிறவர் வந்து வேப்பிலை அடித்து முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. "மார்ல கைவச்சுப் பார்த்தா துடிச்சிட்டே இருந்துச்சுடா"ன்னு பாட்டி ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். அந்தத் துடிப்புக்கு அர்த்தம் எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

விஷம் மேலிருந்து கீழே இறங்குவது போல வேலை செய்யும். முதலில் இமை, கண் தசை, பிறகு தொண்டை, கழுத்து, பிறகு விலாத் தசை. உதரவிதானம் கடைசி வரை போராடும். அப்போது நெஞ்சு அசையாமல் வயிறு மட்டும் ஏறி இறங்கும். இதைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிது. நன்றாக மூச்சை இழுத்து, அதே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். நேரம் போகப்போக எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசை சோர்கிறது என்று பொருள். யோசித்துப் பார்த்தால் இது நம்ம சடுகுடுதான். ஒரே மூச்சில் பாடிக்கொண்டே திரும்பி வரணும். மூச்சு விட்டால் அவுட்.

ராஜஸ்தான் பாலைவனப் பக்கம் 'பீவணா' என்று ஒரு பாம்பைச் சொல்வார்களாம். தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி மூச்சைக் குடித்துவிடுமாம். மூடநம்பிக்கை என்று சிரிக்கலாம். அங்கேயும் ஒரு கட்டு விரியன் இனம் இருக்கிறது என்று தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும். கடித்த தடமே இல்லாமல் மூச்சு மட்டும் போவதைப் பார்த்த ஜனங்கள், கண்ணால் கண்டதை அப்படியே கதையாக்கியிருக்கிறார்கள்.

சரி, மருந்து? 1890-களின் மத்தியில் ஆல்பெர்ட் கால்மெட் போன்றவர்கள் விஷமுறிவு மருந்தைக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றிப் பழக்கிய குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்த விஷம் இன்றைக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பகுதி நம்ம பக்கத்திலிருந்துதான். பாம்புத்தோல் ஏற்றுமதி 1976-ல் தடையானதும், பாம்பு பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட இருளர்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் நின்றார்கள். ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. 2019-ல் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும் வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். பாம்பைக் கொல்லாமல், சில வாரம் வைத்திருந்து, விஷத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் மருந்துக்கு ஒரு எல்லை உண்டு. ரத்தத்தில் சுற்றும் விஷத்தை அது பிடிக்கும். கட்டு விரியன் விஷம் ஏற்கெனவே அழித்துவிட்ட நரம்பு நுனியைத் திருப்பித் தராது. அது மறுபடி வளரணும். அதற்குச் சில நாள், சில சமயம் வாரக்கணக்கில்கூட ஆகும். அதுவரைக்கும் யாராவது அவருக்காக மூச்சு விட்டாகணும்.

மூச்சு இரவல் கொடுக்கிற கலையை உலகம் கற்றது போலியோவிடம். 1928-ல் அமெரிக்காவில் ஃபிலிப் டிரிங்கர், லூயி ஷா இருவரும் செய்த இரும்பு நுரையீரல் ஒரு பெரிய பீப்பாய். தலை மட்டும் வெளியே. உள்ளே அழுத்தம் குறைந்தால் நெஞ்சு விரியும். உதரவிதானத்தின் வேலையைப் பீப்பாய் செய்தது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ வெடித்தபோது நோயாளிகள் நூற்றுக்கணக்கில், இயந்திரமோ கைவிரல் விட்டு எண்ணும் அளவு. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் குரல்வளையில் துளை போட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்று செலுத்தினார். பிழைத்தாள். அதற்கப்புறம் சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டு, மாதக்கணக்கில், ராப்பகலாகப் பையை அமுக்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்பதே அங்கேதான் பிறந்தது என்பார்கள். அதே டென்மார்க்கில் 1956-ல் மின்சாரமும் சிலிண்டரும் இல்லாமல் தானே விரியும் 'ஆம்பு' பை வந்தது. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 வண்டியில் இருக்கிறதே, அந்தப் பைதான். 1814-ல் கழுதைக்கு ஊதிய துருத்தியின் பேத்தி.

இவ்வளவு தெரிந்தும் கணக்கு என்ன சொல்கிறது? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்கு 58,000 பேர். அதற்கு முந்தைய ஓர் ஆய்வில், இறந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் எந்த மருத்துவமனையையும் எட்டாமலே போயிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய ஒன்றாக ஆனது.

நம்ம பழங்கதைகளைப் பாருங்க. திங்களூரில் பாம்பு தீண்டிய அப்பூதியடிகள் மகனை அப்பர் பதிகம் பாடி எழுப்பினார். மயிலாப்பூரில் பூம்பாவையைச் சம்பந்தர் எழுப்பினார். பாம்பு கடித்தவர் திரும்பி வரலாம் என்ற ஆசை நமக்குப் புதிதில்லை. இன்றைக்கு அந்த ஆசைக்கு வழி இருக்கிறது, செய்யவேண்டியதும் கொஞ்சம்தான். வெட்டாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்க. தரையில் படுத்து எழுந்தவர் காரணமில்லாமல் வயிறு வலிக்குது, கண் சொருகுது என்றால், கடித்த தடம் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. தரையில் படுத்தாலும் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்க, அதுவே நல்ல காவல்.

வழியில் மூச்சு நின்றுவிட்டால் வண்டியைத் திருப்பாதீங்க. முகத்தில் அசைவு இருக்காது, கூப்பிட்டால் பதில் வராது, கண்மணிகூட வெளிச்சத்துக்கு அசையாமல் போகலாம். ஆனால் நீங்கள் அழுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வாயோடு வாய் வைத்தோ பையை அமுக்கியோ மூச்சு கொடுத்துக்கொண்டே போங்க. மருத்துவர் சொல்லும் வரை ஒப்பாரி வைக்காதீங்க. மார்பில் துடிப்பு இருக்கிற வரை அவர் நம்மிடம் கேட்பது கொஞ்சம் காற்று மட்டும்தான்.